தாத்தாவின் டிரங்குப் பெட்டி: எடைக்குப் போடுவதா, வைத்துக் காப்பதா?

பண்ணைக்காட்டுப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் பக்கம் பண்ணைக்காட்டில் எங்கள் பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்து வேலை நடக்கிறது. பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் இறங்கின. தாத்தா காப்பி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், அக்கம்பக்கத்தில் நாட்டு வைத்தியமும் பார்த்தவர். பெட்டிகளில் இருப்பவை: ஒரு கட்டு ஓலைச்சுவடி, அச்சிட்ட சித்த மருத்துவ நூல்கள், மாட்டு வாகடம் என்கிற மாட்டு வைத்திய நூல், பழைய கணக்கு நூலான கணக்கதிகாரம், வரிசையாகப் பஞ்சாங்கங்கள், பழைய காப்பி வளர்ப்புக் கையேடு, பைசன் எழுதிய மலைத் தாவர நூலில் ஒரு பாகம், நீலகிரி பற்றிய ஆங்கில நூல் ஒன்று, அப்புறம் தாத்தா கையால் எழுதிய மழைக் கணக்கு நோட்டுகள்.

அண்ணன் எல்லாவற்றையும் எடைக்குப் போடச் சொல்கிறார். "இதில் தேவையானது எல்லாம் போனிலேயே இருக்கிறது, மீதி பழங்கதை" என்பது அவர் வாதம். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனம் வரவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லி ஒரு அறையை அடைத்து வைக்க முடியாது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு மருந்தாளர்

தம்பி, மற்றவற்றை விடுங்கள். மருத்துவ நூல்களைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன், ஏனென்றால் தினமும் பார்ப்பது அது. நான் இருபது வருடத்துக்கு மேல் மருந்துக்கடையில் நிற்கிறேன். "பழைய புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். அந்த நூல்களில் கீழாநெல்லியும் தூதுவளையும் மட்டும் இல்லை. வீரம், பூரம், இலிங்கம் மூன்றும் பாதரசக் கூட்டுகள். தாளகமும் வெள்ளைப் பாஷாணமும் ஆர்சனிக். இவற்றைச் சுத்தி செய்யவும் புடம் போடவும் நூலில் முறை சொல்லியிருப்பார்கள். ஆனால் நூல் பாட்டாக எழுதியது, அந்தப் பாட்டுக்குள் இருப்பது சுருக்கம்தான். அளவும் பக்குவமும் குருவிடம் இருந்து கற்றவை. குரு போய்விட்டார், பாட்டு மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்து வீட்டில் அடுப்பு மூட்டுகிறவருக்குச் சிறுநீரகம் கெட்டால் யார் பொறுப்பு?

பழனி அடிவாரத்தில் போகர் பெயரையும் நவபாஷாணத்தின் பெயரையும் சொல்லி விற்கிற பொடிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வியாபாரம் நடப்பது பழைய நூல் என்றால் எல்லாம் உண்மை என்கிற நம்பிக்கையின் மேல்தான். என்னைக் கேட்டால் அந்த நூல்களை எடைக்குப் போடுவதில் தப்பே இல்லை. பழையதாக இருப்பது ஒரு தகுதி ஆகாது.

ஓய்வு நூலகர்

தயவுசெய்து எதையும் போட்டுவிடாதீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை பெட்டியை ஈரத் தரையில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள்.

குன்னூர் கணக்கு டீச்சர்

மருந்தாளர் சொன்னதை மருத்துவத்தோடு நிறுத்த வேண்டாம். கணக்கிலும் இதே நோய் இருக்கிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் போடாமலேயே தமிழன் கண்டுபிடித்தான் என்று ஒரு பாட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, தெரியும்தானே? நீண்ட பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, சிறிய பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்கிறது. என் வகுப்பில் இதைப் போட்டுக் காட்டினேன். 3, 4 என்றால் 3.5 கூட்டல் 1.5, விடை 5. சரி. 5, 12 என்றால் 10.5 கூட்டல் 2.5, விடை 13. அதுவும் சரி. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்து 8, 15 போடச் சொன்னேன். 17 வர வேண்டிய இடத்தில் 17.125 வந்தது. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.414க்குப் பதில் 1.375.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அந்த விலகல்தான். கூரைக்கு மரம் அறுக்கிற ஆசாரிக்கு இந்தச் சூத்திரம் அழகான கைக்கணக்கு. சிறிய பக்கம் நீண்ட பக்கத்தில் கால் பங்குக்குக் குறையாதவரை நூற்றுக்கு மூன்று பங்குக்குள் விடை வந்துவிடுகிறது, மனத்திலேயே போடலாம். அந்த அளவில் அதைப் பாராட்டுவேன். "பித்தாகரஸை மிஞ்சியது" என்று பாராட்டுகிறவர்கள் அந்த ஆசாரியின் கெட்டிக்காரத்தனத்தையே மறைத்துவிடுகிறார்கள்.

கணக்கதிகாரம் இருக்கிறது என்றீர்கள். பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எண்ணுகிற பாட்டு அதில் இருக்கும். காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். உங்கள் ஊரில் பலாவுக்கா பஞ்சம்? அந்தப் புத்தகத்தைப் போட்டுவிடாமல், பழத்தை வைத்துப் பாருங்கள்.

தாண்டிக்குடி காப்பிக்காரர்

டீச்சர், எங்கள் தோட்டத்துப் பலாவில் இதைப் பார்த்திருக்கிறோம். சில பழத்தில் அருகில் வரும், சிலவற்றில் தூரமாகப் போகும். எந்த முள்வரிசையைக் காம்பை ஒட்டியது என்று எடுப்பது என்பதிலேயே ஆளுக்கு ஒரு எண் வருகிறது.

நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். அந்தக் காப்பிக் கையேடு எந்த வருடத்தது? துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அதில் இருக்கும். பிரான்சில் திராட்சைத் தோட்டத்துக்காக 1885ல் மில்லார்டே அறிவித்த கலவை அது. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. இன்றைக்கும் மழைக்கு முன்னால் அதைத்தான் அடிக்கிறோம். ஆனால் கையேடு ஐம்பது, அறுபதுகளில் வந்தது என்றால், அடுத்த பக்கத்திலேயே தண்டுத் துளைப்பானுக்கு பிஹெச்சி என்ற பூச்சிமருந்து அடிக்கச் சொல்லியிருக்கும். அது நம் நாட்டில் 1997ல் தடை ஆனது. ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், இரண்டு பக்கம். ஒன்று இன்றும் சோறு போடுகிறது, இன்னொன்று விஷம். இதற்கு நான் புத்தகத்தை வைப்பதா, போடுவதா?

வத்தலக்குண்டு மருந்தாளர்

அண்ணா, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். எந்தப் பக்கம் சோறு, எந்தப் பக்கம் விஷம் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்கள் காப்பிக்காரர். பரணில் கண்டெடுத்த பேரனுக்கு அது தெரியாதே.

புல்வெளி தன்னார்வலர், கொடைக்கானல்

பேரன், அந்தப் பைசன் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்! நான் காரணத்தோடு சொல்கிறேன்.

பைசன் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் உள்ள செடிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று பாகங்களாக எழுதினார். பெரிய அளவில் சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் பைனும் இந்த மலைகளை மூடுவதற்கு முன்னால் எழுதியது அது. நாங்கள் இப்போது சீகையை அகற்றி, சோலையையும் புல்வெளியையும் மீட்கப் பார்க்கிறோம். ஒரு சரிவில் எந்தப் புல் இருந்தது, எந்தச் செடி ஓடையோரம் நின்றது, எது பாறையில் நின்றது என்பது தெரியாமல் எதை நடுவது? கண்ணால் பார்த்தவர்கள் இன்று இல்லை. அந்தச் சரிவே இல்லை. எழுதி வைத்ததுதான் மிச்சம். அதற்குப் பின் பாதர் கே. எம். மேத்யூ திருச்சி ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்திலிருந்து பழனி மலைத் தாவரங்களுக்கென்று 1999ல் கொண்டுவந்த பெரிய நூல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எது குறைந்தது என்று தெரிகிறது. ஒன்றை மட்டும் வைத்தால் தெரியாது.

குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1838, 1850, 1862 என்று பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூத்ததை யாரோ குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2006, 2018 நாம் பார்த்தவை. ஒரு ஆள் தன் வாழ்நாளில் ஐந்தாறு முறைக்கு மேல் பார்க்க முடியாத ஒன்றுக்கு ஒழுங்கு இருக்கிறது என்று தெரிவதே குறிப்பு எழுதியவர்களால்தான். இன்னும் பின்னால் போனால் குறுந்தொகையின் மூன்றாவது பாட்டு. அதில் குறிஞ்சியின் தண்டு கறுப்பு, அதன் பூவிலிருந்து தேனீ பெருந்தேன் இழைக்கும் என்று வருகிறது. காதல் பாட்டுதான். ஆனால் அதைப் பாடிய தேவகுலத்தார் மலையில் நின்று பார்த்திருக்கிறார், அல்லது பார்த்தவரிடம் கேட்டிருக்கிறார். குறிஞ்சி பூத்த வருடத்தில் தேன் எப்படி என்று மலையில் தேன் எடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கோத்தகிரிக்காரி

நான் படகர் வீட்டுப் பெண். பைசன், மேத்யூ எல்லாம் சரி, மதிக்கிறேன். ஆனால் "பார்த்தவர்கள் எழுதி வைத்தார்கள்" என்று இவ்வளவு நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. பார்த்தவர்கள் யார், எந்தக் கண்ணால் பார்த்தார்கள்?

நீங்கள் மீட்கப் பார்க்கிற அதே புல்வெளிக்குப் பழைய ஆங்கில நூல்களும் அரசாங்கக் குறிப்புகளும் வைத்த பெயர் தரிசு. மரம் இல்லை, அதனால் பயன் இல்லை, ஆகவே நடு. தோதவர் என்கிற தோடர் பழங்குடியின் எருமை மேய்ந்த நிலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று மரம் ஏறியது அந்த எழுத்தின் பலத்தில்தான். புத்தகம் கண்ணாடி போல இருப்பதைக் காட்டியது என்று நினைக்காதீர்கள், அது உத்தரவாகவும் ஆனது. 1819ல் மேலே வந்த கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன்கூட நிலம் தோதவருடையது என்று வாதாடினார். அவருக்கு எதிராக எழுதியவர்கள் இருந்தார்கள். இரண்டும் நூலில் இருக்கின்றன. எதை எடுத்து நிர்வாகம் நடந்தது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. எங்கள் பாட்டி விதை எடுத்து வைக்கிற விதம், சாமையும் ராகியும் எந்தக் காட்டில் மாற்றி மாற்றிப் போடுவது, எந்தக் கீரையை எந்த மாதம் தொடக்கூடாது, இதெல்லாம் நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதியவர் ஆண், கேட்ட ஆளும் ஆண். பழைய நூலில் பலவித அறிவு இருக்கிறது என்று பெருமைப்படும்போது, எந்தெந்த அறிவை அந்த நூல் வாசலிலேயே நிறுத்தியது என்றும் கேளுங்கள்.

ஓய்வு நூலகர்

கோத்தகிரி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு மாறுபடுகிறேன். தோதவரைப் பற்றி முதலில் எழுதப்பட்ட ஐரோப்பியக் குறிப்பு 1603ல் மலையேறி வந்த பெனிசியோ என்ற பாதிரியாருடையது. மூன்று நூற்றாண்டு கழித்து மானிடவியலாளர் ரிவர்ஸ் 1901, 1902ல் இங்கே தங்கி, குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதி, 1906ல் பெரிய நூலாக வெளியிட்டார். அவர் பார்வையில் குறை இருக்கலாம். ஆனால் அந்த வம்சாவளியில் இருக்கிற பெயர்கள் தோதவர் வாயிலிருந்து வந்தவை. எழுதியவர் முடிவு ஒன்று, அவர் காதில் விழுந்தது இன்னொன்று. முதலாவதைத் தள்ளலாம், இரண்டாவதைத் தள்ள நமக்கு உரிமை இல்லை. அது அவர் சொத்தே இல்லை, சொன்னவர்களின் சொத்து.

அதேபோல, தாவர இயலாளர் வைட் நீலகிரிச் செடிகளுக்கென்று தனியாக ஒரு படநூல் கொண்டுவந்தார். படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். ஒரு ஆர்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைட் வைத்தார். ஆங்கில நூல் என்பதால் அது ஆங்கிலேயர் கை மட்டும் அல்ல.

அண்ணன் "எல்லாம் நெட்டில் இருக்கிறது" என்றாராம். நெட்டுக்கு அது எங்கிருந்து போனது? கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வரிசையாக வருகின்றன என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, கையில் இருந்த ஏடுகளில் அந்தப் பட்டியலில் சில பூக்களின் பெயர்கள் உதிர்ந்து போயிருந்தன. தேடித் தேடி, தருமபுரம் மடத்து ஏடு ஒன்றில் அந்த இடம் கிடைத்தது. அந்த மடத்திலும் யாராவது "இதுதான் எல்லா இடத்திலும் இருக்கிறதே" என்று போட்டிருந்தால்? 1889ல் பத்துப்பாட்டு அச்சாகும்போது அந்த இடம் புள்ளிகளோடுதான் போயிருக்கும். ஒரே நூல் என்று நினைக்கிற இரண்டு பிரதிகள் ஒரே நூல் அல்ல. உங்கள் ஓலைக் கட்டில் என்ன இருக்கிறது என்று யாராவது பிரித்துப் படித்தீர்களா?

பண்ணைக்காட்டுப் பேரன்

இல்லை சார். மேலே உள்ள மரச்சட்டத்தில் "வாகடம்" என்று எழுதியிருக்கிறது. உள்ளே புள்ளி இல்லாத எழுத்து, எனக்குப் படிக்க வரவில்லை.

வத்தலக்குண்டு மருந்தாளர்

பூவின் பெயர் விடுபட்டால் நஷ்டம் இல்லை, கண்டுபிடித்தால் சந்தோஷம். மருந்தின் அளவு விடுபட்டால் ஆள் போய்விடுவார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் சார்.

நடுவட்டம் வாசகன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மருந்தாளர் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஊரில் சின்கோனா மரத் தோட்டமும், அதன் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான கொயினா எடுத்த பழைய தொழிற்சாலையும் இருக்கின்றன. பெரு நாட்டுப் பக்கமிருந்து ஆங்கிலேய அதிகாரி மார்க்கம் கொண்டுவரச் செய்த கன்றுகளை 1860லிருந்து ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட மெக்ஐவர் இந்த மலையில் வளர்த்தார். மரத்தை வெட்டாமல், பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடினால் பட்டை மறுபடி வளரும், அதில் கொயினாச் சத்தும் கூடும் என்பது அவர் கண்ட முறை. அதை நான் படித்தது பழைய நூலில்தான். மலேரியா மருந்தின் முதல் கதை அது.

இரண்டாம் கதை சீனாவுடையது. தூ யூயூ என்ற அம்மையார் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது பழைய வைத்திய நூல்களைத்தான் புரட்டினார். ஒரு செடியின் சாறு எலியில் ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய நூலைத் திரும்பப் படித்தார். செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. கொதிக்க வைத்ததால்தான் சத்து போகிறது என்று அவருக்குப் பட்டது. சூடு குறைத்து ஈதரில் எடுத்தார், 1971ல் வெற்றி. 2015ல் நோபல் பரிசு. அந்த வரியை யாராவது "ஆபத்தான பழைய நூல்" என்று எடைக்குப் போட்டிருந்தால்?

வத்தலக்குண்டு மருந்தாளர்

நல்ல உதாரணம். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தக் குழு சேகரித்த பழைய குறிப்புகள் 2,000க்கு மேல். அதிலிருந்து 640ஐப் பிரித்தெடுத்து, சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்துச் சோதித்தார்கள். நின்றது ஒன்று. ஆட்களுக்குக் கொடுக்கும் முன்னால் தூ யூயூவும் குழுவில் இருந்தவர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். நூலை நம்பியதால் நோபல் வரவில்லை, நூலைச் சந்தேகப்பட்டுச் சோதித்ததால் வந்தது. அந்த மீதிக் குறிப்புகளை நம்பி எத்தனை நூற்றாண்டு எத்தனை பேர் குடித்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நடுவட்டம் வாசகன்

சந்தேகப்படுவதற்கும் நூல் வேண்டும் அல்லவா அக்கா? 2,000 குறிப்பில் எது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மீதியைப் போட்டிருக்கலாம். தெரியாதே. இன்னொன்றும் சொல்கிறேன். நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சித்த நூல்களின் பட்டியலே இருக்கிறது. சித்த மருந்து என்றால் அந்த நூல்களில் சொன்ன முறைப்படி செய்தது என்றுதான் சட்டம் சொல்கிறது. பழையதாக இருப்பது தகுதி ஆகாது என்றீர்கள், சட்டத்துக்கு அந்த நூல்தானே ஆதாரம்?

வத்தலக்குண்டு மருந்தாளர்

சட்டத்தைப் படித்தவர் என்றால் அதன் விதிகளில் வருகிற ஈ(1) அட்டவணையையும் படித்திருப்பீர்கள். பாஷாணச் சரக்குகளின் பட்டியல் அது. அவை சேர்ந்த மருந்தின் மேல், மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ளவும் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். உரிமம் பெற்றவர் செய்ய வேண்டும், படித்தவர் கொடுக்க வேண்டும். சட்டம் நூலைத் தனியாக விடவில்லை, சுற்றிலும் வேலி போட்டிருக்கிறது. பரணில் இருந்து இறங்கிய கட்டுக்கு வேலி இல்லை. நான் கேட்பது அந்த வேலியைத்தான்.

தாண்டிக்குடி காப்பிக்காரர்

இதை ஒப்புக்கொள்ளலாம்.

பூம்பாறை பூண்டு விவசாயி

எல்லோரும் படித்தவர்கள், பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு நேரடியான கேள்வி. பஞ்சாங்கத்தில் மழை இத்தனை மரக்கால் என்று போட்டிருக்கும். என் அப்பா அதைப் பார்த்து விதைத்தார். இப்போது மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. பூண்டு உருண்டு வரும் நேரத்தில் கொட்டுகிறது, நாற்றுக்கு வேண்டிய நேரத்தில் காய்கிறது. வானமே மாறிப்போன பிறகு பழைய புத்தகத்தை வைத்து என்ன செய்வது? அண்ணன் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. இடத்தை அடைக்கிற பேப்பர்.

கொடைக்கானல் வானம்

ஐயா, உங்கள் கேள்விக்கு இந்தப் பெட்டியிலேயே பதில் இருக்கிறது, யாரும் இன்னும் தொடவில்லை. அந்த மழைக் கணக்கு நோட்டுகள்.

நம் ஊர் சூரிய ஆய்வகம் 1899ல் அமைந்தது. 1904 முதல் தினம் தினம் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்து வைத்தார்கள். எடுத்தவர்களுக்கு நூறு வருடம் கழித்து இதை யார், எதற்குக் கேட்பார்கள் என்று தெரியாது. 1909ல் வானியலாளர் எவர்ஷெட் இங்கே சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார், அது உலகப் புகழ். ஆனால் பேர் தெரியாத உதவியாளர்கள் மேகம் இல்லாத ஒவ்வொரு காலையிலும் எடுத்த தகடுகள்தான் இன்று கணினியில் ஏறி, ஒரு நூற்றாண்டில் சூரியன் எப்படி நடந்துகொண்டது என்று ஆராய உதவுகின்றன. புதிய தொலைநோக்கி எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் 1910ஆம் வருடத்துச் சூரியனைப் பார்க்க முடியாது.

பஞ்சாங்கம் சொல்வது வரப்போகிற மழை. அது பொய்த்தால் பொய்த்ததுதான். நோட்டு சொல்வது பெய்த மழை. அது பொய்க்காது. வானம் மாறிவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள், நானும் நம்புகிறேன். எவ்வளவு மாறியது, எந்த மாதத்தில் மாறியது என்று ஒரு அதிகாரியிடம் சொல்லி இழப்பீடு கேட்கப் போனால் எதைக் காட்டுவீர்கள்? ஒரே இடத்தில் ஒரே மழைமானியில் வருடக் கணக்காக எழுதிய நோட்டைத்தான் காட்ட முடியும். பேரன், தயவுசெய்து சொல்லுங்கள்: என்ன அளவில் எழுதியிருக்கிறார், மானி எங்கே இருந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தார்?

பண்ணைக்காட்டுப் பேரன்

இன்ச், சென்ட் என்று இருக்கிறது. காலை எட்டு மணி என்று ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதியிருக்கிறார். "ஸ்டோர் முற்றம்" என்று இடம் போட்டிருக்கிறது. சில நாளில் பக்கத்தில் "பூ மழை" என்றும், "இரண்டாம் மழை இல்லை, பிஞ்சு உதிர்ந்தது" என்றும் குறிப்பு இருக்கிறது. ஒரு இடத்தில் மானி உடைந்தது, புதிது வந்தது என்றும் தேதியோடு இருக்கிறது.

தாண்டிக்குடி காப்பிக்காரர்

மானி மாறியதைக்கூட எழுதியிருக்கிறாரா! தம்பி, அது தங்கம். நூறு சென்ட் ஒரு இன்ச், ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். மாற்றிக்கொள்வது சுலபம். மாசி, பங்குனியில் காப்பிச் செடியைப் பூக்க வைக்கிற அந்தப் பூ மழை எந்தத் தேதியில் விழுந்தது என்று வருடவாரியாக எனக்கு வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் எண்பதுகளுக்கு முந்திய நோட்டு எதுவும் இல்லை, கரையான் தின்றுவிட்டது.

பூம்பாறை பூண்டு விவசாயி

நோட்டு வேறு, புத்தகம் வேறு. நோட்டை வைத்துக்கொள்ளலாம் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றமும் இல்லை.

கோத்தகிரிக்காரி

பஞ்சாங்கத்தின் ஓரங்களைப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் பசு ஈன்ற தேதி, கூலி, கடன், யார் செத்தார்கள், எப்போது பனி விழுந்து உருளைக்கிழங்கு கருகியது என்று ஓரத்தில்தான் எழுதியிருக்கும். அச்சிட்ட நடுப்பக்கத்தை விட ஓரம் எனக்கு முக்கியம். அச்சிட்டது எங்கேயாவது கிடைக்கும், ஓரம் கிடைக்காது. அம்மாவும் பாட்டியும் சொல்லச் சொல்ல யாராவது குறித்திருந்தால் அதுவும் ஓரத்தில்தான் இருக்கும்.

ஓய்வு நூலகர்

ஓரம் பற்றிச் சொன்னது மிகச் சரி. பிரதி எடுக்கும்போது ஓரத்தை வெட்டாமல் எடுங்கள். இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் காகிதம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் அமிலம் இருக்கும். அது பழுத்து, மடித்தால் ஒடியும். அதைவிடப் பழைய கந்தல் துணிக் காகிதம் இன்னும் நன்றாக இருக்கும். ஆகவே எது பழையது என்று பார்த்து முதலில் எடுக்காதீர்கள், எது ஒடிகிறது என்று பார்த்து முதலில் எடுங்கள். பழுத்த பக்கத்தை ஸ்கேனரில் அழுத்தாமல், மேலே கேமராவை நிறுத்திப் படம் எடுங்கள். செலோ டேப் ஒட்டாதீர்கள், பசை காகிதத்தைத் தின்னும்.

நம் மலையில் எதிரி பூச்சியை விட ஈரம். ஆனியிலிருந்து கார்த்திகை வரை பூஞ்சை பிடிக்கும். காற்று உள்ள அலமாரி, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி. வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். ஓலையை வெயிலில் காயப்போடாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெய் லேசாகத் தடவலாம். கயிற்றை இறுக்கிக் கட்டக்கூடாது, ஓட்டை கிழியும்.

அச்சு நூல்களின் பட்டியலை எடுத்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லாதவற்றை அவர்களுக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். ஓலையைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் யாருக்கும் தராதீர்கள், விலைக்கும் தராதீர்கள்.

எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிடுங்கள். வாகடம் உட்பட.

வத்தலக்குண்டு மருந்தாளர்

கடைசி வரிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இவ்வளவு நேரம் பேசியதற்கு நானும் ஒரு படி இறங்கி வருகிறேன்: எடைக்குப் போட வேண்டாம். ஆனால் வாகடத்தைப் படமாக ஒரு குழுவில் போட்டால் அன்று மாலையே யாராவது ஒரு பக்கத்தைக் கத்தரித்து, "சர்க்கரைக்குச் சித்தர் சொன்ன மருந்து" என்று அனுப்புவார்கள். நூலின் பெயர் போய்விடும், பத்தியம் போய்விடும், சுத்தி முறை போய்விடும், சரக்கு மட்டும் நிற்கும்.

குன்னூர் கணக்கு டீச்சர்

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது, ஆனால் நான் நூலகர் பக்கம். மறைத்து வைத்தால் பொடி விற்கிறவருக்குத்தான் லாபம். "ரகசிய ஓலை" என்று சொல்லி விற்பார். எல்லோரும் படிக்கும்படி இருந்தால், இது நூலில் இல்லை என்று ஒருவர் எடுத்துக் காட்டலாம். கர்ணப் பாட்டை என் பிள்ளைகள் சோதித்தது போல.

வத்தலக்குண்டு மருந்தாளர்

டீச்சர், உங்கள் பிள்ளைகள் சோதித்தபோது தப்பான விடை வந்தது. அவ்வளவுதான். இங்கே சோதித்தால் வாந்தி வரும், இரத்தம் போகும்.

ஓய்வு நூலகர்

அப்படியென்றால் இப்படிச் செய்யலாமா? பாஷாணச் சரக்கு வருகிற ஒவ்வொரு பக்கத்தின் படத்தின் மேலும், எழுத்தை மறைக்காமல் நடுவில் மங்கலாக எச்சரிக்கை பதியட்டும். ஓரத்தில் போட்டால் கத்தரிப்பார்கள். எந்தப் பக்கம் என்று பிரிக்க மருந்தாளர் அம்மாவும், ஓலை படிக்கத் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவரும் உட்கார வேண்டும். ஒரு பக்கத்தையும் விட்டுவிடக்கூடாது என்பது என் நிபந்தனை.

வத்தலக்குண்டு மருந்தாளர்

உட்காருகிறேன். சித்த மருத்துவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், அது என் நிபந்தனை. பிரித்து முடிக்கும் வரை ஒரு படமும் வெளியே போகக்கூடாது. பொதுவில் போடுவது சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை.

புல்வெளி தன்னார்வலர், கொடைக்கானல்

அது முடிகிற வரைக்கும் மற்றவை காத்திருக்க வேண்டியதில்லை. பைசன் பாகத்தில் யாராவது பென்சிலால் இடம், தேதி குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். எஸ்டேட்டில் இருந்த பிரதி என்றால் இருக்க வாய்ப்பு உண்டு.

பண்ணைக்காட்டுப் பேரன்

பார்த்தேன். மூன்று பக்கங்களில் பென்சில் எழுத்து இருக்கிறது, தாத்தா கையெழுத்து இல்லை, ஆங்கிலம். படம் எடுத்துத் தனியாக அனுப்புகிறேன். அண்ணனிடம் மழை நோட்டையும் மானி உடைந்த குறிப்பையும் காட்டினேன். நோட்டும் தாவர நூலும் இருக்கட்டும், வாகடத்தை வீட்டில் வைக்க வேண்டாம் என்கிறார், பிள்ளைகள் இருக்கிற வீடு என்று. அது இப்போதைக்கு என் ஸ்டோர் ரூமில், பூட்டிய அலமாரியில் இருக்கும். மருந்தாளர் அக்கா, ஞாயிறு வத்தலக்குண்டு வருகிறேன், கடை எத்தனை மணிக்கு அடைப்பீர்கள்?

வத்தலக்குண்டு மருந்தாளர்

ஞாயிறு மதியம் ஒரு மணி. ஓலையை எடுத்து வர வேண்டாம், பஸ்ஸில் ஒடிந்துவிடும். அச்சுப் புத்தகங்களைக் கொண்டு வாருங்கள், முதலில் அவற்றைப் பிரிப்போம்.